சேர்க்கையோடு முடிவதில்லை கல்லூரியின் வேலை

குறைந்த கட்டணத்தில் அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டால், ஏழை மாணவருக்குக் கல்வி வாய்ப்பும் கிடைத்துவிட்டதாகக் கணக்கு எழுதிவிடுகிறோம். நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் ஈராண்டுக் கல்லூரிகளில் இந்தக் கணக்கு பொய்த்தது. பள்ளி முடித்தவர்களுக்கெல்லாம் கதவு திறந்திருந்தது. பட்டத்தோடு வெளியே வந்தவர்கள்தான் குறைவு. 2007-இல் பல்கலைக்கழகம் தன் ஆறு கல்லூரிகளில் ‘ஏசாப்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. பாடமும் தேர்வும் அப்படியே இருக்க, மாணவரைக் கவனிக்கும் முறை மட்டும் மாறியது.

அந்த மாற்றத்தைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். அதுவரை ஓர் ஆலோசகரின் பொறுப்பில் 600 முதல் 1,500 மாணவர்கள் வரை இருந்தார்கள். அவ்வளவு பேரில் யார் வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டார் என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஏசாப்பில் அந்த எண்ணிக்கை 60 முதல் 80 ஆனது. ரயிலுக்கும் பேருந்துக்கும் மாதாந்திர இலவசப் பயண அட்டை தந்தார்கள். ஆலோசகரைச் சந்தித்து வந்தால்தான் அது கையில் கிடைக்கும். வேலைக்கும் போகிறவர்களுக்காக வகுப்புகளை அடுத்தடுத்த மணிகளில் அமைத்தார்கள். பாடநூல் செலவையும், உதவித்தொகை போக மிஞ்சும் கட்டணத்தையும் கல்லூரியே ஏற்றது. இவற்றில் எதையும் தனியொரு பேராசிரியர், எவ்வளவு நல்லவராக இருந்தாலும், செய்துவிட முடியாது. கால அட்டவணை, பணி நியமனம், நிதி மூன்றும் தலைமையின் கையில்தான் இருக்கின்றன. கல்வித் தலைமையை நான் எடைபோடுவது இந்த இடத்தில்தான்.

ஆர்வமுள்ளவர்கள் தாமாக வந்து சேர்ந்திருப்பார்கள், அதனால் தேர்ச்சி கூடியிருக்கும் என்று சொல்லலாம். அந்த ஐயத்துக்கு எம்டிஆர்சி என்ற ஆய்வு நிறுவனம் விடை கண்டது. 2010-இல் மூன்று கல்லூரிகளின் 896 மாணவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தது. எல்லோரும் குறைந்த வருமானக் குடும்பத்தினர். அடிப்படைப் பாடங்களில் பின்தங்கியவர்கள். மூன்றாண்டு முடிவில் திட்டத்தில் இருந்தவர்களில் 40 சதவீதம் பேர் பட்டம் பெற்றார்கள். மற்றவர்களில் 22 சதவீதம் பேர். மெதுவாகப் படித்தாலும் எல்லோரும் முடித்துவிடுவார்கள் என்ற வாதமும் நிற்கவில்லை: ஆறாண்டுக்குப் பிறகும் 51-க்கு 41 என்ற இடைவெளி இருந்தது. செலவு? மூன்றாண்டில் மாணவருக்குச் சுமார் 16,300 டாலர் கூடுதல். ஆனால் கிடைத்த பட்டம் ஒவ்வொன்றுக்கும் ஆன செலவு 10 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. படிப்பைப் பாதியில் விடுகிறவருக்குச் செலவழித்ததும் பொதுப்பணம்தானே.

முழுநேரம் படிக்க வேண்டும் என்ற நிபந்தனைதான் திட்டத்தின் உண்மையான குறை. குடும்பத்தையே சுமப்பவர்களால் அதை ஏற்க முடியாது. அவர்களுக்கு வேறு ஏற்பாடு தேவை. அதற்காக இது கண்ட பலனை மறுக்க வேண்டியதில்லை. நியூயார்க்கில் நடந்தது வேறெங்கும் நடக்காது என்பாரும் உண்டு. ஒஹாயோ மாநிலத்தின் மூன்று கல்லூரிகள் முயன்று பார்த்தன. பயண அட்டைக்குப் பதிலாக, பெட்ரோலும் மளிகையும் வாங்க மாதம் 50 டாலர் பரிசு அட்டை கொடுத்தார்கள். மூன்றாண்டில் அங்கே பட்டம் பெற்றவர்கள் 35 சதவீதம். திட்டத்துக்கு வெளியே இருந்தவர்களில் 19.