அடைப்பு நீக்கும் இயந்திரம்: வாங்குமுன் ஒரு கணக்கு

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், தென்னையும் நெல்லும் சூழ்ந்த நல்லேப்பிள்ளி போன்ற ஊர்களில், வீட்டுக் கழிவுநீர்க் குழாய் அடைபடுவதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள் உண்டு: குளியலறையில் எண்ணெய் படிந்த தலைமுடி, சமையலறையில் சோற்றுப் பருக்கையும் கொழுப்பும், முற்றத்தில் குழாய் இணைப்பின் வழியே நுழையும் மரவேர். தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 பாகை செல்சியசுக்குக் கீழே உறைந்துவிடும். ஆதலால் மார்கழி, தை மாதக் காலைகளில் தண்ணீர் இறங்க மறுப்பதில் வியப்பில்லை.

இதற்கு மோட்டாரில் இயங்கும் கம்பிச்சுருள் இயந்திரம் இப்போது இணையக் கடைகளில் எளிதாகக் கிடைக்கிறது. வளைந்து செல்லும் எஃகுச் சுருளை மோட்டார் சுழற்ற, அதன் முனை அடைப்பைத் துளைக்கும், அல்லது பற்றி இழுத்து வரும். 1933இல் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் சாமுவேல் பிளாங்க் என்பவர் துணி துவைக்கும் இயந்திரத்தின் மோட்டாரைக் கொண்டு இதனை உருவாக்கினார்.

வாங்குமுன் அடைப்பு எங்கே உள்ளது என அறிவது முதல் வேலை. ஒரு தொட்டியில் மட்டும் நீர் தேங்கினால் குறை அருகிலேயே உள்ளது. எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் நீர் எதிர்த்து வந்தால், முதன்மைக் குழாயோ செப்டிக் டேங்கோ நிரம்பியிருக்கலாம். டேங்க் நிரம்பியிருந்தால் எவ்வளவு விலையுயர்ந்த இயந்திரமும் பயன்படாது. கழிவை உறிஞ்சும் லாரியே வேண்டும்.

அடுத்தது அளவு. முகம் கழுவும் தொட்டிக்கு 32 மில்லிமீட்டர், சமையலறைத் தொட்டிக்கு 40, குளியலறைக்கு 75, கழிப்பறைக்கு 110 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாய்கள் வழக்கமானவை. முதல் மூன்றுக்கும் 6 முதல் 10 மில்லிமீட்டர் கனமுள்ள சுருள் போதும். 110 மில்லிமீட்டர் குழாயில் மெல்லிய சுருள் அடைப்பில் முட்டித் தனக்குள் முறுக்கிக்கொள்ளும். பீங்கானைக் கீறாத உறையுடன் கழிப்பறைக்கெனத் தனிக் கருவி உண்டு.

நீளம் 5 முதல் 7 மீட்டர் உள்ள, கையால் சுழற்றும் சுருள் சிறிய அடைப்புகளுக்கு ஏற்றது. விலையும் மிகக் குறைவு. அதனைத் துளையிடும் டிரில்லில் பொருத்திச் சுழற்றும் வகை அடுத்த நிலை. மோட்டாருடன் கூடிய தனி இயந்திரத்தையே வாங்குவதானால், எதிர்த்திசையில் சுழலும் வசதி, காலால் அழுத்தும் சுவிட்ச், மாற்றுச் சுருள் உள்ளூரில் கிடைப்பது, இரசீதுடன் கூடிய உத்தரவாதம் ஆகிய நான்கையும் பார்க்க வேண்டும். வேகம் மிகுந்தது சிறந்தது என்று எண்ணலாகாது. மெதுவாகச் சுழல்வதே கைக்குப் பாதுகாப்பு. துணிக் கையுறை சுருளில் சிக்கிக்கொள்ளும். தோல் கையுறையே தகும். ஈரத்தில் இயக்குவதால் மின்கசிவுத் துண்டிப்பான் உள்ள இணைப்பு கட்டாயம். அமிலமோ காஸ்டிக் சோடாவோ ஊற்றிய குழாயில் இயந்திரத்தை விடக்கூடாது. அது முகத்தில் தெறிக்கும்.

இனிக் கணக்கு. இயந்திரம் 12,000 ரூபாய் என்றும், பிளம்பர் ஒருமுறை வந்து செல்ல 600 ரூபாய் என்றும் கொள்வோம். ஆண்டுக்கு இருமுறை அடைப்பு ஏற்பட்டால், போட்ட பணம் திரும்பப் பத்தாண்டுகள் ஆகும். அதற்குள் சுருள் துருப்பிடித்துவிடும். தவணையில் வாங்கினால் வட்டியும் சேரும். ஆகவே தனி வீட்டுக்குக் கைச்சுருளே போதுமானது. நான்கைந்து வீட்டார் சேர்ந்து வாங்கினால் கணக்கு மாறும்.

அதனினும் நல்ல வழி, ஊர்ப் பிளம்பரிடம் அந்த இயந்திரம் இருப்பது. 2015இல் தொடங்கிய பிரதம மந்திரி முத்ரா திட்டத்தின் சிஷு பிரிவில் 50,000 ரூபாய் வரை பிணையின்றிக் கடன் கிடைக்கும். வீட்டில் ஆண்டுக்கு இருமுறை மட்டும் வெளியே எடுக்கப்படும் கருவி, தொழிலாளியின் கையில் நாள்தோறும் வருவாய் ஈட்டும். உங்களுக்கு வழக்கமாக வேலை செய்பவருக்கு இதனை எடுத்துச் சொல்லுங்கள்.

இவ்வளவும் சொல்வதற்கு மற்றொரு காரணமும் உண்டு. 2015 நவம்பரில் கோழிக்கோட்டில் கழிவுநீர்க் குழிக்குள் இறங்கிய இரு தொழிலாளர்களும், அவர்களைக் காக்க முயன்ற ஆட்டோ ஓட்டுநரும் உயிரிழந்தனர். பாதுகாப்புக் கருவியின்றி ஒருவரைச் செப்டிக் டேங்கிலோ சாக்கடையிலோ இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. வீட்டு உரிமையாளருக்கும் அது பொருந்தும். குழிக்குள் இறங்கித் துப்புரவு செய்யும் 'பண்டிகூட்' என்னும் ரோபோ 2018இல் திருவனந்தபுரத்தில் பயன்பாட்டுக்கு வந்ததும் இந்தத் துயரங்களின் பின்னணியில்தான்.

சுருள் எட்டாத அடைப்பென்றால் லாரியை அழையுங்கள். அந்தச் செலவை மிச்சம் பிடிப்பதற்காக ஓர் ஆளைக் குழிக்குள் இறக்குவது எந்தக் கணக்கிலும் சேராது.