தூங்குற கோரை எழுப்பலாமா?

உங்க ப்ராசஸருக்குள்ள ரெண்டு கோர் சும்மா தூங்கிட்டு இருக்குன்னு தெரிஞ்சா என்ன பண்ணுவீங்க? நான் எழுப்பிட்டேன். அனுபவிச்சேன்!

தாராபுரத்துல செகண்ட் ஹேண்ட்ல ஒரு பி.சி. வாங்கினேன். உள்ளே 2009-ல வந்த ஏ.எம்.டி. ஃபெனோம் 2 எக்ஸ்2 550. பேருக்கு ரெண்டு கோர். ஆனா பிறவியில் அது நாலு கோர் சிப். ஏதாவது கோர் பழுதுன்னா அதை மூடிட்டு, விலையைக் குறைச்சு விற்பாங்க. விலை குறைஞ்ச சிப்புக்கு கிராக்கி கூடினா, நல்ல கோரையும் மூடுறது உண்டு. சில மதர்போர்டுகள்ல பயாஸ் செட்டிங்கை மாத்தினா மூடினது திறந்துக்கும். உங்களுக்கு வாய்ச்சது நல்ல கோரா, நோஞ்சானா? சுத்த லாட்டரி!

இந்த ஆசை பழசுதான். 1998-ல வந்த இன்டெல் செலரான் 300ஏ-வில் 66 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸை 100 ஆக்கினா, 300-ல ஓடுற சிப் 450-ல பறக்கும். 2000-ல அத்லான் சிப் மேல பென்சில் கோடு இழுத்தே லாக்கைத் திறந்தாங்க. பென்சில் கிராஃபைட்ல கரன்ட் பாயுமே!

என் கதைக்கு வர்றேன். நாலு கோரும் தெரிஞ்சது, விண்டோஸும் ஓடுச்சு. கெத்தா மினி ப்ராஜெக்ட் சிமுலேஷனை ராத்திரி முழுக்க ஓடவிட்டேன். காலையில விடை ரெடி. சந்தேகத்துக்கு மறுபடி ஓட்டினா, வேற விடை! ஹேங் இல்லை, எரர் இல்லை. சத்தமே இல்லாம தப்பு. ரிவ்யூவுக்கு ரெண்டே நாள்!

கடைக்கார அண்ணன் சிரிச்சார். "ஏந் தம்பி, காய்ச்சக்காரன் எந்திரிச்சு உக்காந்துட்டா ஒடம்பு நல்லாயிருச்சுன்னு அர்த்தமா?"

நாலாவது கோரை மூடினேன். எத்தனை தடவை ஓட்டினாலும் ஒரே விடை. ரிவ்யூ தப்பிச்சது.

நீங்களும் இறங்குறீங்களா? இன்னிக்கு பூட்டை உடைக்கவே வேண்டாம். ரைசன் டெஸ்க்டாப் சிப்கள் பெரும்பாலும் திறந்தே வருது. இன்டெல்ல பேர்ல 'கே' இருக்கான்னு பாருங்க. ஆனா வேகத்தையும் வோல்டேஜையும் 10 சதவீதம் ஏத்தினா, சூடு சுமார் 33 சதவீதம் ஏறும். நம்ம ஊரு சித்திரை வெயில்ல, ஏ.சி. இல்லாத ரூம்ல அது விளையாட்டில்லை. கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க. ஒவ்வொரு தடவையும் பிரைம்95-ஐ சில மணி நேரம் ஓடவிட்டு, சூட்டையும் கவனிங்க. ஓவர்கிளாக்கால சிப் போனா பொதுவா வாரன்ட்டி கிடையாது. ப்ராஜெக்ட் ஃபைலை முதல்ல வேற இடத்துல காப்பி எடுத்துடுங்க.

பி.சி. ஆன் ஆயிடுச்சேன்னு மட்டும் நம்பிடாதீங்க. அதுக்கும் ஒரு எக்ஸாம் வைங்க!