படகின் பெட்ரோல் முள்

மோட்டார் வண்டியில் பெட்ரோல் தீர்ந்தால் பாதையோரம் நிறுத்திவிட்டு நடக்கலாம். நடுக்கடலில் யந்திரப் படகு நின்றாலோ, நீரோட்டம் இழுத்த இழுப்புக்குப் போகவேண்டியதுதான். ஆயினும் படகோட்டிகளில் பலர் பெட்ரோல் அளவு காட்டும் முள்ளை வேதவாக்காகக் கொள்கின்றனர்.

அம்முள்ளின் யோக்கியதைதான் என்ன? தொட்டிக்குள் ஒரு மிதவை. அது ஏறி இறங்குவதற்கேற்ப மின்தடை மாறுகிறது. அமெரிக்க முறையில் காலித் தொட்டிக்கு 240 ஓம்; நிறைந்ததற்கு 33 ஓம். அஃதாவது, முள் அறிவது எண்ணெயின் உயரத்தையேயன்றிக் கொள்ளளவையன்று. படகின் அடிப்புறத்தையொட்டித் தொட்டியும் கீழே குறுகியிருப்பின், முள் பாதியில் நிற்கையில் உள்ளே பாதி இராது. வேகத்தில் முன்புறம் உயர, பெட்ரோல் பின்னே ஓடிக் கணக்கு மேலும் குழம்பும். உப்புக்காற்றில் இணைப்புகள் அரித்துத் தடை கூடினால், இம்முறையில் முள் குறைத்துக் காட்டும். அது ஆபத்தில்லாத பொய்!

நாம் கூறுவது இது: படகு நீரில் சமமாக மிதக்கையில், காலித் தொட்டியில் 20 லிட்டர் வீதம் அளந்து ஊற்றி, முள் நிற்குமிடங்களைக் குறித்துக்கொள்க. யந்திரம் ஓடிய மணியையும் நிரப்பிய அளவையும் எழுதி வருக. போவதற்கு மூன்றிலொரு பங்கு, திரும்புவதற்கு ஒரு பங்கு என்பது பழைய விதி. எஞ்சிய பங்கு எதிர்க்காற்றுக்கு உரியது. மீன் நன்றாகக் கடிக்கிறதென்று அதில் கைவைக்கலாகாது.