ரசிகர் புனைவில் ஆண் நட்பு: காதல் ஈர்ப்பற்றோர் நோக்கு

கதை, திரைப்படம், தொலைக்காட்சித் தொடர் ஆகியவற்றில் வரும் இரு கதைமாந்தர்களைக் காதலர்களாகக் கற்பனை செய்து, அந்த இணையை ஆதரிப்பது ஷிப்பிங் எனப்படுகிறது. மூலக்கதையில் நண்பர்களாக வரும் இரு ஆண்களை இவ்வாறு இணைப்பது ரசிகர்களிடையே பரவலான வழக்கம். பிறர்மீது காதல் ஈர்ப்பு தோன்றாத, அல்லது மிக அரிதாகத் தோன்றும் மனிதர்கள் ஏரோமாண்டிக், அதாவது காதல் ஈர்ப்பற்றோர் எனப்படுகின்றனர். அவர்களுள் சிலர் இவ்வழக்கத்தின்மீது முன்வைக்கும் விமர்சனத்தையும் அதற்கான மறுமொழியையும் இக்கட்டுரை விளக்குகிறது.

சொல்லும் தோற்றமும்

உறவு எனப் பொருள்படும் ரிலேஷன்ஷிப் என்ற சொல்லிலிருந்து ஷிப்பிங் பிறந்தது. 1990களில் தி எக்ஸ் ஃபைல்ஸ் தொடரின் மல்டரும் ஸ்கல்லியும் காதலர்களாக வேண்டும் என விரும்பிய ரசிகர்களால் அது பரவியது. ஆனால் வழக்கம் அதற்கும் முந்தையது. 1966 முதல் 1969 வரை ஒளிபரப்பான ஸ்டார் ட்ரெக் தொடரின் கிர்க், ஸ்பாக் ஆகியோரைக் காதலர்களாகக் காட்டிய கதை 1974இல் ஒரு ரசிகர் இதழில் அச்சானது. இருவர் பெயருக்கும் இடையே சாய்கோடு இட்டு எழுதியதால் இவ்வகைக் கதைகள் ஸ்லாஷ் எனப் பெயர் பெற்றன.

விமர்சனம்

ஆழமான அன்பு எதுவாயினும் அது காதலாகத்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணமே விமர்சனத்தின் மையம். காதல் இணையே எல்லோருக்கும் உரிய, எல்லாவற்றிலும் உயர்ந்த உறவு என்னும் இந்தச் சமூக எதிர்பார்ப்புக்கு மெய்யியலாளர் எலிசபெத் பிரேக், 2012இல் வெளியான தம் நூலில், அமேட்டோநார்மேட்டிவிட்டி எனப் பெயரிட்டார்.

தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் கதையில், நடக்க முடியாத ஃப்ரோடோவைச் சாம் முதுகில் சுமந்து மலையேறுகிறான். "வெறும் நண்பனுக்காக யாராவது இவ்வளவு செய்வார்களா?" என்று கேட்கப்படும்போது, நட்பையே தம் வாழ்வின் முதன்மை உறவாகக் கொண்ட ஒருவருக்கு அது வேறு விதமாக ஒலிக்கிறது. தம்மிடம் உள்ள மிகப் பெரிய அன்பு எப்போதும் இரண்டாம் தரமானது என்றே அவர் அதைப் புரிந்துகொள்ள நேர்கிறது. "வெறும்" என்ற ஒரு சொல்லே இங்கு சிக்கல்.

ஹோம்ஸும் வாட்சனும்

1887இல் அறிமுகமான ஷெர்லாக் ஹோம்ஸுக்குக் காதல் போன்ற உணர்ச்சிகள் உவப்பற்றவை என்று 1891இல் வெளியான ஒரு கதையில் வாட்சன் கூறுகிறார். அவரை ஓர் இயந்திரத்துக்கும் ஒப்பிடுகிறார். காதல் இல்லாதவர் இதயம் இல்லாதவர் என்னும் தவறான கருத்துக்கு இவ்வொப்பீடு துணைபோகிறது. 1924இல் வெளியான மற்றொரு கதையில் வாட்சன் துப்பாக்கியால் சுடப்படுகிறார். அப்போது ஹோம்ஸ் நிலைகுலைகிறார். நண்பர் இறந்திருந்தால் சுட்டவன் உயிரோடு போயிருக்க மாட்டான் என்கிறார். ஷிப்பிங் ஆதரவாளர்கள் இதைக் காதலின் சான்றாகக் கொள்கின்றனர். காதல் ஈர்ப்பற்ற வாசகரோ, காதலை நாடாத ஒருவரிடமும் இத்தகைய அன்பு இருக்க முடியும் என்பதற்கு இதையே சான்றாகக் கொள்கிறார்.

மறுமொழி

இவ்விமர்சனத்தைத் தன்பால் காதலுக்கு எதிரானதாகப் பயன்படுத்துவது தவறு. உண்மையான தன்பால் காதலர்களையும் "நல்ல நண்பர்கள்" என எழுதி மறைத்த வரலாறு நீண்டது. திரையில் தம்மைப் போன்றோரைக் காண முடியாத காலத்தில், ஸ்லாஷ் கதைகளே பலருக்கு அந்த இடத்தைத் தந்தன. காதல் ஈர்ப்பற்றோரிலும் தன்பாலின ஈர்ப்பு உடையோர் உள்ளனர். ஷிப்பிங்கை விரும்பி வாசிப்போரும் உள்ளனர். எனவே ஒரு வாசிப்பை விலக்கி மற்றொன்றை நிறுவுவது தீர்வாகாது.

நடைமுறை

2009இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன் என்னும் ரசிகர் புனைவுக் களஞ்சியம் இரு குறிகளைப் பயன்படுத்துகிறது. காதல் அல்லது பாலுறவுக் கதைகளில் பெயர்களுக்கு இடையே சாய்கோடும், நட்பு அல்லது குடும்ப உறவுக் கதைகளில் "உம்" எனப் பொருள்படும் ஆம்பர்சாண்ட் குறியும் இடப்படுகின்றன. காதலும் அல்லாத, வழக்கமான நட்பு என்ற சொல்லிலும் அடங்காத நெருக்கத்தைக் குறிக்க, 2010 அளவில் உருவான குவியர்பிளாட்டோனிக் என்ற சொல்லும் வழக்கில் உள்ளது. இக்குறிகளால், ஒரே இணையைப் பற்றிய இருவகைக் கதைகளும் ஒரே இடத்தில் நிற்க முடிகிறது. நட்பைத் தேடி வரும் வாசகருக்கும் ஒரு வழி கிடைக்கிறது.