தாத்தா பெட்டியில் பழைய ரிவால்வர்... வைத்துக்கொள்ளலாமா? மோகமும் சட்டமும்

திருச்சி - கரூர் சாலையில், காவிரியை ஒட்டி இருக்கிறது ஜீயபுரம். வாழையும் நெல்லும் விளையும் ஊர். இங்கே ஒரு பழைய வீட்டை இடிக்கும்போது, மரப்பெட்டியின் அடியில் எண்ணெய்த் துணியில் சுற்றிய கனமான ரிவால்வர் ஒன்று கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். மேலே 'வெப்லி' என்ற பெயர் பொறித்திருக்கிறது. "தாத்தா சொத்துப்பா, ஷோகேஸ்ல வெச்சுக்கலாம்" என்பார் ஒருவர். "வித்தா லட்சக்கணக்குல போகுமாமே" என்பார் இன்னொருவர். ஆனால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இதை வீட்டில் வைத்திருப்பதே குற்றமா?

பெரிய குழல் என்றால் எவ்வளவு பெரியது?

துப்பாக்கிக் குழலின் உள்விட்டத்தைத்தான் 'போர்' என்கிறார்கள். .32 என்றால் ஓர் அங்குலத்தில் நூறில் 32 பங்கு, அதாவது சுமார் 8 மி.மீ. .455 என்றால் சுமார் 11.5 மி.மீ. பொதுவாக .40-க்கு மேற்பட்டவற்றைப் பெரிய குழல் ரிவால்வர் என்று சேகரிப்பாளர்கள் சொல்வார்கள்.

இதில் மூன்று பெயர்கள் உலகம் முழுக்கப் பிரபலம். முதலாவது, 1873-ல் அமெரிக்க ராணுவத்துக்காக வந்த கோல்ட் .45. 'பீஸ்மேக்கர்' என்ற பட்டப்பெயர் இதற்குத்தான். இரண்டாவது, 1887-ல் பிரிட்டிஷ் ராணுவம் ஏற்ற வெப்லி .455. இதன் ஆறாவது வடிவம் 1915-ல் வந்தது; தோட்டா இல்லாமலேயே சுமார் 1.1 கிலோ எடை. மூன்றாவது, 1950-களில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கொண்டுவந்த .44 மேக்னம். 1971-ல் வெளியான 'டர்ட்டி ஹாரி' படத்துக்குப் பிறகு இதற்குப் பெரும் கிராக்கி ஏற்பட்டது.

ஏன் இத்தனை மோகம்?

முதல் காரணம், எந்திர அமைப்பு. பிஸ்டலில் வேலை எல்லாம் உள்ளே நடக்கிறது. ரிவால்வரில் சுத்தியல் பின்னால் போவதும், உருளை ஓர் அறை நகர்ந்து நிற்பதும் கண்ணுக்குத் தெரியும். வெப்லியைத் திறந்தால் குழல் முன்பக்கமாக மடங்கும். சுட்டு முடித்த ஆறு தோட்டாக் கூடுகளும் ஒரே தள்ளில் வெளியே விழும். பழைய கடிகாரத்தை ரசிக்கிறவர்களுக்கு இந்த ரசனை புரியும்.

இரண்டாவது, கதை. தமிழ்ச் சிறுவர்கள் ரிவால்வரை முதலில் பார்த்தது ஆயுதக் கடையில் அல்ல. சிவகாசியிலிருந்து வரும் லயன் காமிக்ஸில், டெக்ஸ் வில்லர் இடுப்பில். 1972-ல் வந்த 'கங்கா' போன்ற ஜெய்சங்கர் படங்களும் அந்தக் கௌபாய் ஆசைக்குத் தீனி போட்டன.

மூன்றாவது, வரலாறு. 1940 மார்ச் 13-ல் லண்டன் காக்ஸ்டன் ஹாலில் மைக்கேல் ஓ'டுவையரை உத்தம் சிங் சுட்டது .455 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வரால்தான். குழலைவிடச் சற்றுச் சிறிய, பழைய தோட்டாக்களை அவர் பயன்படுத்தியிருந்தார். திருச்சி வரகனேரியில் பிறந்த வ.வே.சு. ஐயர், புதுச்சேரியில் வாஞ்சிநாதனுக்குத் துப்பாக்கிப் பயிற்சி கொடுத்தவராகச் சொல்லப்படுகிறார். 1911-ல் மணியாச்சியில் வாஞ்சி கையில் இருந்தது மட்டும் ரிவால்வர் அல்ல, பிரவுனிங் பிஸ்டல்.

இந்தியாவில் வாங்க முடியுமா?

இங்கேதான் சிக்கல். 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் வகுத்த பட்டியலில், .380 அல்லது .455 விளிம்புத் தோட்டா, ராணுவ 9 மி.மீ., விளிம்பில்லாத .45 ஆகியவற்றைச் சுடக்கூடிய கைத்துப்பாக்கிகள் எல்லாம் தடை செய்யப்பட்ட வகை. ராணுவமும் போலீஸும் பயன்படுத்திய தோட்டா பொதுமக்கள் துப்பாக்கிக்குப் பொருந்தக் கூடாது என்பதே இதன் அடிப்படை. ஆக, சேகரிப்பாளர் கனவு காணும் வெப்லி .455, சட்டத்தின் கண்ணில் தடை ஆயுதம். இதற்கு உரிமம் தரும் அதிகாரம் மத்திய உள்துறை அமைச்சகத்திடம் இருக்கிறது. மாவட்ட ஆட்சியரால் தர முடியாது.

2019-ம் ஆண்டுத் திருத்தம் பிடியை இன்னும் இறுக்கியது. ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகள் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தன. உரிமம் இல்லாமல் தடை ஆயுதம் வைத்திருந்தால் குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் 14 ஆண்டு சிறை. இரண்டே துப்பாக்கி என்ற கணக்கில் 'கலெக்‌ஷன்' என்ற பேச்சுக்கே இடமில்லை. அமெரிக்காவிலோ நிலைமை தலைகீழ். 1898 அல்லது அதற்கு முன் செய்த துப்பாக்கி அங்கே மத்திய சட்டப்படி பழம்பொருள்.

பழசு என்றால் விலக்கு கிடையாதா?

உண்டு, ஆனால் பலரும் நினைப்பதுபோல் இல்லை. காலாவதியான வடிவம் கொண்ட, பழமை மதிப்புள்ள அல்லது பழுதான ஆயுதத்துக்குச் சட்டத்தின் 45-வது பிரிவு விலக்கு தருகிறது. ஒரு நிபந்தனை: பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும், அதைத் துப்பாக்கியாகப் பயன்படுத்தவே முடியாத நிலையில் இருக்க வேண்டும். "துருப்பிடிச்சுப் போச்சு சார், சுடாது" என்பது போதாது. ஒரு ஸ்பிரிங்கை மாற்றினால் சுடும் என்றால், அது துப்பாக்கிதான். நூறு வயதானாலும் சரி.

கிடைத்தால் என்ன செய்வது?

முதலில், அதைத் திறந்து பார்க்கவோ விசையை இழுத்துப் பார்க்கவோ கூடாது. உள்ளே தோட்டா இருக்கலாம். போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவதும் வேண்டாம். பழைய உரிமப் புத்தகம் வீட்டில் இருக்கிறதா என்று தேடுங்கள். காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லி, அவர்கள் சொல்கிறபடி ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். உரிமம் செல்லாமல் போன ஆயுதத்தைத் தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ, உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும் என்கிறது 21-வது பிரிவு. அப்படி ஒப்படைப்பதால் சொத்து கைவிட்டுப் போய்விடாது. காலக்கெடுவுக்குள் உரிமம் பெற்றால் திரும்பப் பெறலாம். உரிமம் உள்ளவருக்கு விற்கவும் வழி இருக்கிறது.

தாத்தா உயிரோடு இருந்தால் இன்னும் சுலபம். 2016-ம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, உரிமதாரர் 70 வயதைத் தொட்டாலோ, துப்பாக்கியை 25 ஆண்டுகள் வைத்திருந்தாலோ, வாரிசு தன் பெயரில் உரிமம் கேட்டு விண்ணப்பிக்கலாம். பல குடும்பங்கள் கோட்டை விடுவது இங்கேதான். பெரியவர் போன பிறகு பத்து வருடம் பீரோவில் கிடக்கும் துப்பாக்கி, ஒருநாள் வழக்காக மாறுகிறது.

ஆசைக்கு வேறு வழி?

உரிமம் பெற்றவர்களுக்கு .32 ரிவால்வர்கள் உண்டு. கான்பூர் ஆயுதத் தொழிற்சாலையின் 'நிர்பீக்' 2014-ல் வந்தது, 'பிரபல்' 2023-ல். வெப்லி பெயரிலேயே உத்தரப் பிரதேசத்தின் ஹர்தோய் மாவட்டத்தில் .32 ரிவால்வர் தயாராகிறது. திருச்சியிலும் 1966 முதல் துப்பாக்கித் தொழிற்சாலை இயங்குகிறது. ஆனால், அதன் முதன்மையான வேலை படைகளுக்கான ரைஃபிள்கள்தான்.

வெறுமனே பார்த்து ரசிக்க வேண்டும் என்றால் சென்னை கோட்டை அருங்காட்சியகமும், எழும்பூர் அருங்காட்சியகத்தின் ஆயுதப் பிரிவும் இருக்கின்றன. அங்கே நுழைவுச்சீட்டு வாங்கினால் போதும், உரிமம் வேண்டாம்.