கைவிடப்பட்ட குடியிருப்புகளின் தாவரங்கள்

கைவிடப்பட்ட குடியிருப்புகளின் தாவரங்கள் என்பவை, மக்கள் வாழ்ந்து பின்னர் நீங்கிய வீடுகள், தோட்டங்கள், மாட்டுத் தொழுவங்கள், தெருக்கள் ஆகியவற்றில் வளரும் மரஞ்செடிகொடிகள் ஆகும். இவை மூன்று வகைப்படும். குடியிருந்தோர் நட்டு வளர்த்தவை முதல் வகை. மனிதர் புழங்கிய மண்ணில் தாமே முளைப்பவை இரண்டாம் வகை. அயல்நாட்டிலிருந்து வந்து மற்றச் செடிகளை அமுக்கிப் பரவுபவை மூன்றாம் வகை. இம்மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால், இடத்தைப் பொக்லைன் கொண்டு ஒரேயடியாகத் துப்புரவு செய்யும்போது முள்ளோடு சேர்ந்து பயன்மரங்களும் பழைய எல்லை அடையாளங்களும் அழிந்துவிடுகின்றன.

மண்ணின் தன்மை

அடுப்புச் சாம்பல், சாணம், எலும்பு, உணவுக் கழிவு ஆகியவை பல தலைமுறைகளாகச் சேர்வதால் குடியிருப்பு மண்ணில் பாசுபரசு மிகுதியாக இருக்கும். இச்சத்து மழையில் எளிதில் கரைந்து போவதில்லை. ஆகவே சுவர்கள் கரைந்த பின்னும் அவ்விடத்துச் செடிகள் சுற்றுப்புறத்திலிருந்து வேறுபட்டுத் தெரியும். தமிழகத்தில் மாட்டுத் தீவனமாகப் பயிரிடப்படும் கொழுக்கட்டைப்புல் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. ஆப்பிரிக்காவின் போட்சுவானா நாட்டில், பழங்கால மாட்டுப்பட்டிகளும் குப்பைமேடுகளும் இருந்த இடங்களில் இப்புல் செறிந்து வளர்வதை வான்படங்களில் கண்டு, தொல்லியல் இடங்களை அடையாளம் காணலாம் என்று ஜேம்சு டென்போ 1979இல் விளக்கினார்.

நட்டு வளர்த்த தாவரங்கள்

பனை, வேம்பு, புளி, முருங்கை, நொச்சி, ஆடாதோடை, பிரண்டை, சோற்றுக்கற்றாழை ஆகியவை கவனிப்பாரின்றியும் நெடுநாள் நிலைப்பவை. முருங்கையை வெட்டினாலும் அடிக்கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்கும். ஆடாதோடையை ஆடுமாடுகள் கடிப்பதில்லை. அதனாலேயே அதனை வேலியோரம் நட்டனர். அதன் இலை இருமலுக்கு மருந்தாகப் பயன்படுகிறது. பனை காய்ப்புக்கு வரவே பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலாகும் என்பதால், ஓங்கிய பனைகள் நிற்கும் மனை பல பத்தாண்டுகள் பழமையானது எனக் கொள்ளலாம்.

இலங்கையின் யாழ்ப்பாணத்தில் கிளுவை, பூவரசு, முள்முருக்கு ஆகியவற்றின் தடிகளை 'கதியால்' என ஊன்றி உயிர்வேலி அமைப்பது வழக்கம். ஆண்டுதோறும் கிளை வெட்டப்படும் வரை இவை வேலியாக இருக்கும். வெட்ட ஆளில்லையெனில் மரங்களாகிவிடும். வலிகாமம் வடக்கு மக்கள் 1990இல் போரால் இடம்பெயர்ந்து, பல்லாண்டுகளுக்குப் பின்னரே கட்டங்கட்டமாகத் தம் காணிகளுக்குத் திரும்பினர். இத்தகைய இடங்களில் ஒரே வரிசையில் நிற்கும் பூவரசும் கிளுவையும் வெறும் காடல்ல. அவை பழைய காணி எல்லையின் சான்றுகள்.

தாமே முளைப்பவை

குப்பைமேனி, நாயுருவி, ஊமத்தை, எருக்கு ஆகியவை குப்பைமேட்டிலும் இடிந்த சுவரோரத்திலும் முதலில் முளைக்கின்றன. குப்பைமேனி தன் பெயரிலேயே தன் இடத்தைச் சொல்கிறது. ஒரு குடும்பம் அழிந்ததை 'வீட்டில் எருக்கு முளைத்தது' என்று பேச்சு வழக்கில் குறிப்பர். பகைவரின் அரணை அழித்துக் கழுதை பூட்டி உழுது, வரகும் கொள்ளும் விதைத்ததைப் புறநானூறு கூறுகிறது. குடியிருந்த இடத்தில் செடி முளைப்பதை அழிவின் அடையாளமாகக் கருதும் எண்ணம் பழமையானது என்பதை இது காட்டுகிறது.

பறவைகளின் எச்சத்தால் சுவர் வெடிப்புகளில் முளைக்கும் அரசும் ஆலும் வேர்விட்டு, நாளடைவில் சுவரையே பிளந்துவிடுகின்றன.

அயல் ஆக்கிரமிப்புத் தாவரங்கள்

அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த சீமைக்கருவேலம் 1870களில் சென்னை மாகாணத்துக்கு விறகுத் தேவையை முன்னிட்டுக் கொண்டுவரப்பட்டது. இதன் இனிப்பான காய்களை ஆடுமாடுகள் தின்று, விதைகளைச் சாணத்தோடு பரப்புகின்றன. எனவே ஆளில்லாத தொழுவமே இதன் முதல் நாற்றங்கால் ஆகிறது. தரைமட்டத்துக்கு மேல் வெட்டினால் பல கிளைகளாகத் தழைக்கும். வேரோடு அகற்றுவதே வழி. 1955இல் புனேயில் கண்டறியப்பட்ட பார்த்தீனியம் தோலில் ஒவ்வாமை உண்டாக்குவது. கையுறை அணிந்து, பூக்கும் முன் பிடுங்க வேண்டும். உண்ணிச்செடியும் புதராக மண்டி அடிநிலச் செடிகளை வளரவிடுவதில்லை.

அயல்நாட்டுத் தாவரம் எல்லாமே கேடானது அல்ல. கொடுக்காய்ப்புளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததே. ஆனால் அதன் பழம் உண்ணப்படுகிறது. புளியமரத்தின் தாயகமும் ஆப்பிரிக்காவே. சீமைக்கருவேலமும் இராமநாதபுரம் மாவட்டத்தில் கரி சுடுவோருக்கு வாழ்வாதாரமாக உள்ளது. ஒரு செடி எங்கிருந்து வந்தது என்பதைவிட, அது பிறவற்றை வளரவிடுகிறதா என்பதே முதன்மையானது. தமிழ்நாடு அரசு ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்றிச் சூழலை மீட்பதற்கான கொள்கையை 2022இல் வெளியிட்டது.

சென்னையின் மேற்குப் புறநகர்

பூந்தமல்லியின் பழைய பெயர் பூவிருந்தவல்லி. இவ்வூரினரான திருக்கச்சி நம்பி நந்தவனம் அமைத்து, காஞ்சி வரதராசருக்கு மாலை கொண்டு சென்றார் என்பது வைணவ மரபு. இதனையடுத்த குமணன்சாவடி, கரையான்சாவடி ஆகிய பெயர்களிலுள்ள 'சாவடி' வழிப்போக்கர் தங்குமிடத்தைக் குறிக்கும் சொல். வயல்கள் வீட்டுமனைகளாக மாறிவிட்ட இப்பகுதியில் முழு ஊர் கைவிடப்படுவதில்லை. பூட்டிக் கிடக்கும் ஓட்டு வீடு, கட்டாமல் விட்ட மனை, பயிரிடாத வயல் எனச் சிறு துண்டுகளே எஞ்சுகின்றன. முருங்கையும் வேம்பும் நிற்கும் துண்டு பழைய வீட்டுக்கொல்லையாகவும், வெறும் சீமைக்கருவேலம் மட்டும் மண்டிய துண்டு தரிசாக விடப்பட்ட நிலமாகவும் இருக்க வாய்ப்புண்டு.

துப்புரவு செய்யும்போது கவனிக்க வேண்டியவை

• கொடிகள் மூடிய பாழ்ங்கிணறு இருக்கலாம். பழைய குடியிருப்பில் கிணற்றின் இடத்தை ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டறிந்த பின்னரே உள்ளே செல்ல வேண்டும்.
• வரிசையாக நிற்கும் மரங்களை அகற்றும் முன் எல்லையை அளந்து குறித்துக்கொள்ள வேண்டும்.
• பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி தேவை எனத் தமிழ்நாடு அரசு 2021இல் அறிவித்தது.
• ஊமத்தை விதை நஞ்சு. எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வைக்குக் கேடு.
• சாலையோரத்திலும் குப்பை எரித்த இடத்திலும் வளரும் மூலிகை, கீரைகளை உண்ணக் கூடாது.
• முள் அகற்றிய நிலத்தை வெறுமையாக விட்டால் பார்த்தீனியம் நிரம்பும். உடனே வேம்பு, புங்கம், நொச்சி முதலியவற்றை நடுவது நல்லது.