விசையை விட்டாலும் ஒரு செய்தி



சில ஆண்டுகளுக்கு முன், புலாவ் செபாங் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் வளர்ந்த மாணவி ஒருத்தி உதவித் தொகைக்கு மனுச் செய்தாள். மனு திரும்பி வந்துவிட்டது. அடையாள அட்டையில் உள்ள பெயரும் மனுவில் உள்ள பெயரும் ஒத்துவரவில்லை என்றார்கள். எடுத்துப் பார்த்தால், ஓர் 'ஐ' எழுத்து விழ வேண்டிய இடத்தில் இரண்டு விழுந்திருந்தது. கவனமில்லாமல் தட்டினாய் என்று வீட்டில் அவளுக்கு நல்ல ஏச்சு. பெயரில் ஓர் எழுத்துப் பிசகினால் நம் மக்கள் எத்தனை அலுவலகப் படி ஏற வேண்டியிருக்கிறது என்பதை நாம் சொல்லத் தேவையில்லை. ஆனால் அந்தப் பெண் ஒரே தடவைதான் தட்டியிருக்கிறாள். குற்றம் விசைப்பலகையுடையது. ஒரு தட்டு எப்படி இரண்டு எழுத்தாகும்?

பழைய தட்டச்சுப் பொறியை முதலில் நினைவுக்குக் கொண்டுவருவோம். விசையை அழுத்தினால் இரும்புக் கோல் ஒன்று எழும்பி, மை நாடாவில் மோதி, தாளில் எழுத்தைப் பதித்துவிடும். அத்தோடு வேலை முடிந்தது. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவுக்கு வந்து வேலை பார்த்த இரா. முத்தையா அவர்கள்தாம் தமிழுக்குத் தட்டச்சுப் பொறியை அமைத்துத் தந்தவர். மெய்யெழுத்தின் புள்ளி போன்றவற்றைத் தட்டும்போது தாள் நகராமல் நிற்கும்படி 'நகரா விசை' வைத்தார். அடுத்த எழுத்து அந்தப் புள்ளியின் கீழேயே வந்து விழும். நல்ல யுக்தி! ஆனால் அந்தப் பொறிக்கும் அழுத்துவது மட்டுமே தெரியும். விரலை எடுத்தது அதற்கு ஒரு சேதியே அல்ல.

கணினியின் விசைப்பலகை அப்படியல்ல. அதன் விசைகள் வெறும் சுவிட்சுகள். ஒரு பலகையில் 104 விசைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் தனிக் கம்பி இழுத்தால் கட்டுக்கட்டாகக் கம்பி வேண்டும். அதனால் தோட்டத்தில் நிரை பிடிப்பது போலச் செய்கிறார்கள். குறுக்கே 8 கம்பி, நெடுக்கே 13 கம்பி. ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு விசை. எட்டுப் பதின்மூன்று நூற்று நான்கு. ஆக 21 கம்பியில் கதை முடிந்தது.

பலகைக்குள் ஒரு சிறு சில்லு உட்கார்ந்திருக்கிறது. பத்து பெரெண்டாம் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போன நம் அக்காமார்களுக்குச் சில்லு ஒன்றும் புதிதல்ல. காலைப் பெரட்டில் கிராணி பெயர் கூப்பிடுவது போல, இந்தச் சில்லு ஒவ்வொரு குறுக்குக் கம்பியாக மின்சாரம் விட்டு, அது எந்த நெடுக்குக் கம்பியில் வந்து சேருகிறது என்று பார்க்கிறது. வந்தால் அந்தச் சந்திப்பிலுள்ள விசை அழுந்தியிருக்கிறது. கிராணி நாளைக்கு ஒருமுறை கூப்பிடுவார். சில்லோ நொடிக்குப் பல நூறு முறை கூப்பிடுகிறது. போன தடவை இல்லாத விசை இந்தத் தடவை இருந்தால் 'அழுத்தப்பட்டது'. போன தடவை இருந்தது இப்போது இல்லையென்றால் 'விடப்பட்டது'. இரண்டையும் கணினிக்கு அறிவித்துவிடும்.

எப்படி அறிவிக்கிறது? 1981இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட கணினியில் 83 விசைகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். ஆங்கில 'ஏ' விசைக்கு 30. அதை அழுத்தினால் 30 என்று போகும். விட்டால் அதோடு 128ஐக் கூட்டி 158 என்று போகும். இடப்புற ஷிப்ட் விசைக்கு அழுத்தினால் 42, விட்டால் 170. ஷிப்டைப் பிடித்துக்கொண்டு 'ஏ'யைத் தட்டினால் 42, 30, 158, 170 என்று வரிசையாகச் சேதி போகும். 42 வந்துவிட்டது, 170 இன்னும் வரவில்லை. ஆகையால் இது பெரிய எழுத்து என்று கணினி தெரிந்துகொள்கிறது. விடும் சேதி இல்லாவிட்டால் ஷிப்டுக்கு வேலையே இல்லை. ஆர்மோனியத்தில் கட்டையை விட்ட பிறகும் சுரம் நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும்!

யு.எஸ்.பி. வடத்தில் முறை கொஞ்சம் மாறியது. அங்கே கணினிதான் குறித்த இடைவெளியில் கேட்டுக்கொண்டே இருக்கிறது. பலகை, இப்போது அழுந்தியிருக்கும் விசைகளின் பட்டியலைத் தருகிறது. முன் பட்டியலில் இருந்த விசை புதிய பட்டியலில் இல்லையென்றால் விரல் எடுக்கப்பட்டது என்று பொருள்.

இனி அந்தப் பெண்ணின் விசயத்துக்கு வருவோம். இரண்டு உலோகத் தகடுகள் தொடும்போது ஒரே தொடுதலாகத் தொடுவதில்லை. தரையில் போட்ட பந்து துள்ளுவது போல, தொட்டு, விலகி, மீண்டும் தொட்டு, பிறகே அடங்கும். நல்ல நிலையிலுள்ள விசையில் இந்தத் துள்ளல் ஒரு நொடியின் ஆயிரத்தில் சில பங்குக்குள் அடங்கிவிடும். சில்லும் அதுவரை பொறுத்திருந்தே முடிவு சொல்லும். விசை தேய்ந்தோ அழுக்குப் பிடித்தோ போனால் துள்ளல் நீண்டுவிடுகிறது. சில்லின் பொறுமை தீர்ந்த பிறகும் தகடு ஒருமுறை விலகித் தொட்டால், அழுத்தினாள், விட்டாள், மறுபடி அழுத்தினாள் என்று சேதி போய்விடும். இரண்டு 'ஐ' விழுந்த கதை இதுதான். மலிவான பலகைகளில் தகடுக்குப் பதில் மெல்லிய பிளாஸ்டிக் தாள்களும் ரப்பர்க் குமிழ்களும் இருக்கும். (அந்த ரப்பர் பெரும்பாலும் சிலிக்கோன், நம் பால்மரத்துக்கு அதில் பங்கில்லை.) தேநீர் கொட்டி விசை ஒட்டிக்கொண்டால் இதற்கு நேர்மாறான கோளாறு வரும். விடும் சேதி போகாது. எழுத்து சரம்சரமாக ஓடும். பிள்ளைகளின் குற்றம் என்றோ கிருமி புகுந்தது என்றோ நினைத்துவிடுகிறோம்.

இன்னொன்று. பலகைக்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. அது அனுப்புவது விசையின் இடத்தை மட்டுமே. எழுத்தாக்குவது கணினிக்குள் இருக்கும் மென்பொருள். நம் நாட்டு முத்து நெடுமாறன் அவர்களின் முரசு அஞ்சல் அத்தகையது. 1999இல் தமிழ்நாட்டு அரசு ஏற்ற தமிழ்99 அமைப்பில் 'அம்மா' என்று எழுத அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டு. ஒரே மெய் இருமுறை வந்ததும் முதல் மகரத்துக்கு மென்பொருளே புள்ளி வைத்துவிடுகிறது. அந்த 'அ' இருப்பது ஆங்கில 'ஏ' விசையில்தான். பலகை அனுப்பும் சேதி இரண்டுக்கும் ஒன்றே.

கை நடுங்கும் பெரியவர்களுக்கும் தேய்ந்த பலகை வைத்திருப்போருக்கும் விண்டோஸ் கணினியில் ஒரு வசதி உண்டு. வலப்புற ஷிப்டை 8 நொடி விடாமல் பிடித்திருந்தால், விசை வடிகட்டி வேண்டுமா என்று கணினி கேட்கும். அடுத்தடுத்து விழும் ஒரே எழுத்தை ஒதுக்கும்படி அதில் அமைத்துக்கொள்ளலாம். விடும் சேதி வருகிறதா என்று பார்த்துத்தான் அந்த 8 நொடியையும் கணினி எண்ணுகிறது.

அந்த மாணவி வேறொரு பலகையில் மனுவைத் திரும்ப அடித்து அனுப்பினாள். பெயர் சரியாக விழுந்தது. ஏசியவர்களிடம் 30, 158 கணக்கையும் சொல்லிக் கொடுத்தாளாம்.